பிஜிலிக்குக் கலந்த தூள்

கைய எடுங்க சார். டப்பாவ தூக்கிகினு ஓடிட மாட்டேன். வாங்க வர்றவங்கல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க, நான் தொட்டா மட்டும் திருட்டா? ஆமா, ஆபிரகாம் பொண்ணுதான். ஜெனிஃபர். காலைல மைக்குல பேர சொல்லி மானத்த வாங்கினீங்களே, உங்க கிளப்புல குதிர பாத்துகினு இருந்த அதே ஆபிரகாம். பிஜிலி குதிரைக்கு அவன் திருட்டுத்தனமா வலி மாத்திர குடுத்துட்டான், அதான் செத்துதுன்னு. குதிர தாண்டற ஷோ பாக்க வந்த ஜனம் மொத்தமும் கேட்டுச்சு. வெளிய பஜ்ஜி போடறவரு வரைக்கும் கேட்டாரு. இப்ப என்னிய மட்டும் மெதுவா பேசும்மான்றீங்க.

காலேஜி படிக்கிற திமிரா? இருக்கட்டும் சார். ஃபீஸு கட்டி வாங்கின திமிரு.

நீங்க சொல்லுங்க வாசுதேவன் சார். பிஜிலிக்கு முன்னங்கால் வீங்கிச்சு. ராஜேந்திரன் டாக்டரு வந்து இன்னா சொன்னாரு? மூணு மாசம் தாண்ட வுடாதீங்க, சும்மா நிக்கட்டும்னாரு. நீங்க இந்தப் பச்ச டப்பாவ எடுத்தாந்தீங்க. மஞ்சளு, சுக்கு, குங்கிலியம், சுத்த மூலிக, வீக்கம் வடியும்னீங்க. வடிஞ்சுது. இல்லன்னு நான் சொல்லல. கல்லு மாரி இருந்த காலு ஒரே வாரத்துல சப்புனு ஆயிடுச்சு. மஞ்சளு அவ்ளோ வேகமா சார்? எங்க வூட்லயுந்தான் தெனம் கொழம்புல போடறோம், ஒருத்தரும் வேலி தாண்டல.

வலி தெரியல, அதுவும் தாண்டுச்சு. நீங்க கப்பு வாங்கினீங்க. அந்தப் போட்டோவ இதோ டப்பா மேலயே ஒட்டி வெச்சிகிறீங்க. செத்த குதிர படத்த காட்டி மருந்து விக்கறதுக்கு தனி நெஞ்சு வேணும்.

அப்பால தீனி எடுக்கல. சாணி கறுப்பா போச்சு. போய்ச் சேந்துச்சு. டாக்டரு அறுத்துப் பாத்துட்டு, வயிறு பூரா புண்ணு, எந்த வலி மாத்திர குடுத்தீங்க, எவ்ளோ நாளா குடுத்தீங்கன்னு கேட்டாரு. நீங்க எங்கப்பாவ திரும்பிப் பாத்தீங்க. அதோட முடிஞ்சுது அவரு வேல.

இன்னாது, டப்பா சீக்கிரம் தீந்துச்சா? ஆபிரகாம் அள்ளி அள்ளிப் போட்டாரா? சரி, போட்டாருன்னே வெச்சுக்குவோம். மூலிகதான சார், கூடப் போட்டா இன்னா ஆவும்?

சொல்லுங்க.

டப்பா எப்டி தீந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். பிஜிலிக்கு புது வாசன ஆவாது. தவுட்டுல தூள கலந்து வெச்சா மூஞ்சிய திருப்பிக்கும். எங்கப்பா மொதல்ல ஒரு வாய் துன்னு காட்டணும், அப்பதான் வாய் வெக்கும். தெனம் பாத்து சிரிச்சீங்களே. சார், இத துன்னதுலருந்து என் முட்டி வலியே காணோம்னு அவரு சொன்னப்ப இன்னா சொன்னீங்க? துன்னு ஆபிரகாம், மூலிகதான, அடுத்த ஷோவுல நீயே தாண்டிடுன்னீங்க. அத வூட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. அன்னியிலருந்து அதுக்கு ஒரு கரண்டி, இவருக்கு ஒரு ஸ்பூனு.

நியாயம் கேக்க அவரே வர வேண்டிதானன்றீங்களா? வந்திருப்பாரு. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கீறாரு. அவருக்கும் கறுப்பாதான் போவுது. நேத்துலருந்து ரத்தம் ஏத்திகினு கீறாங்க. அங்க டாக்டரம்மா கேட்ட மொத கேள்வி இன்னா தெரியுமா? எந்த வலி மாத்திர, எவ்ளோ நாளான்னு. மாத்திரையே துன்னலம்மா, குதிர மூலிகதான் துன்னேன்னாரு. அந்தம்மா என்னியப் பாத்து, அதுல இன்னா கலந்துகீதுன்னு கேட்டுகினு வா, தெரிஞ்சாதான் வைத்தியம் சரியா பண்ண முடியும்னு அனுப்பிச்சாங்க. அதுக்குத்தான் சார் வந்தேன். சண்டைக்கு வரல.

இல்ல, ஆபீஸ் ரூமுக்கெல்லாம் வர மாட்டேன். எங்கப்பாவ நீங்க ரூமுல வெச்சா திட்டினீங்க? மைக்கு அங்கயேதான் கீது, ஜனமும் கலையல. நடங்க. இந்த டப்பால மஞ்சளு, சுக்கு தவிர இன்னா அரச்சு கலந்தீங்க, அத அந்த மைக்குல சொல்லுங்க.