பெருவிரல் எடை

உங்கள் எடை மேடை நல்ல சரக்கு, டாக்டரம்மா. நூறு கிராம் ஏறினாலும் காட்டிவிடுகிறது. பழைய இரும்புக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவன் சொல்கிறேன், நம்பலாம். ஒரே குறை, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது கேட்பதில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் நானும் கணக்கு வாத்தியாரும் இங்கே டயாலிசிஸுக்கு வருவோம். ஊசி குத்துமுன் எடை பார்ப்பார்கள். போன தடவையைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவும் உடம்பில் தேங்கிய நீர். நாலு மணி நேரத்தில் மிஷின் அதை உறிஞ்சிவிடும். வாத்தியாருக்கு முழங்கால் ஆடும். மேடையில் ஏறும்போது பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். நர்ஸம்மா என்னைத் தங்கமான மனுஷன் என்பார். நான் மறுத்ததில்லை.

மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில், எங்கள் ரத்தப் பிரிவில், அவர் முதல் ஆள். நான் இரண்டாவது.

ஒரு நாள் அவர் என் பக்கம் சாய்ந்து, நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். நர்ஸைக் கூப்பிட வாயெடுத்தேன். கையைப் பிடித்துவிட்டார்.

"சும்மா இருங்க. அடைப்புன்னு தெரிஞ்சா ஸ்டென்ட் வைப்பாங்க. அப்புறம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. அதை நிறுத்துற வரைக்கும் ஆபரேஷனுக்கு என்னை எவனும் தொடமாட்டான். வரிசை போயிடும்."

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் கடையில் வாக்கு மாறிய பேச்சே கிடையாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். விஷயம் வெளியே வந்தால் அவர் நெஞ்சு பிழைக்கும். வரிசை எனக்கு வரும். இரண்டு தரப்புக்கும் ஆதாயம். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. செருப்பைத்தான் கழற்றினேன்.

தோளைப் பிடித்தபடியே பெருவிரலை மேடையின் ஓரத்தில் வைத்தேன். முந்நூறு கிராம். இல்லாத நீரையும் சேர்த்து மிஷின் உறிஞ்சினால் ரத்த அழுத்தம் இறங்கும். அடைப்புள்ள நெஞ்சு தானாகக் கூப்பாடு போடும். உடனே ஈசிஜி, ஆஞ்சியோ, நல்ல வைத்தியம்.

மனிதர் கூப்பாடு போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் போட்டார். அடுத்த முறை அரைக் கிலோ வைத்தேன். அதற்கும் படியவில்லை. இப்படியொரு கெட்டியான ஆளிடம் நான் பேரம் பேசியதே இல்லை. கடைசி நாள் ஒன்றரைக் கிலோ.

தண்ணீராகக் குடித்துத் தள்ளியிருக்கிறீர்களே என்று நர்ஸம்மா கடிந்துகொண்டார். இரண்டு டம்ளருக்கு மேல் தொடவில்லை என்று வாத்தியார் சாதித்தார். "வயசானா கணக்கு தப்பும் சார்" என்றேன். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்திருக்கும்.

மூன்றாவது மணி நேரத்தில் முகம் வெளுத்தது. வலி இருக்கிறதா என்று நர்ஸம்மா கேட்டார்.

"வலியா? இல்லையேம்மா. தூக்கம்தான் வருது."

தூங்கிவிட்டார். எழுப்ப முடியவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

இவ்வளவு விவரமாகச் சொல்வது, இந்த வித்தை எனக்கு அத்துப்படி என்பதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான். இன்று காலை எடை பார்த்தபோது எனக்கு ஒரு கிலோ கூடுதல் காட்டியது. நான் குடித்தது சொட்டு எண்ணி. பின்னால் தையற்காரர், சிறுநீரக வரிசையில் இப்போது எனக்கு அடுத்தவர். "பார்த்து ஏறுங்கண்ணே" என்று தோளை வாஞ்சையாகப் பிடித்திருந்தார். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை.

இதைத்தான் புகாராகக் கொடுக்க வந்தேன். கூட இருந்தே கழுத்தறுக்கும் இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு மற்ற நோயாளிகள் எப்படி நிம்மதியாக மேடை ஏறுவது?

எழுதிக்கொள்ளுங்கள். படியேறும்போது இடப்பக்கம் கொஞ்சம் பிடிக்கிறது; அது வெறும் வாயு. என் கேஸ் ஷீட்டில் நெஞ்சு வலி உண்டா என்ற கட்டத்தில் மட்டும் இல்லை என்றே போடுங்கள்.