இனம் சொல்லாத கேஸ்

— ஒரு மனுஷனை மாடியில ஒத்தையா உக்கார வச்சுட்டு ரெண்டு பேரும் கீழ என்ன குசுகுசுன்னு பேசிட்டிருந்தீங்க? டீ ஆறி ஆடை கட்டிடுச்சு.

— மன்னிச்சுக்கங்க அண்ணே. கதவைத் திறந்ததும் ஒரு நாய் வந்துருச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு நோய்க்குத் தெரியுமா?

— உன் ஆஸ்பத்திரி, உன் கேஸ். உன்னை ஒண்ணும் சொல்லல சுண்டெலி. ஆனா என் அருமை மச்சான் எதுக்கு உன் பின்னாடியே இறங்கி ஓடினான்? லீவு நாள்ல வேலைன்னா இவனுக்கு ஜுரம் வருமே.

— நாயைப் பிடிக்க ஆள் வேணும்னாங்க அத்தான். நானும் உங்களை மாதிரி டாக்டருக்குப் படிச்சவன்தான். என்னை மட்டும் பிடிக்கத்தான் கூப்பிடறாங்க.

— அது இருக்கட்டும், கழுத்துல என்ன அண்ணே அட்டை தொங்குது? வெளியூர்ல டாக்டருங்க வகுப்பு முடிஞ்சு நேத்தே வீட்டுக்கு வந்துட்டீங்கன்னு சொன்னாங்களே.

— கழட்ட மனசு வரல. அத்தனை நேரம் அந்த நாற்காலியில உக்காந்து முதுகு போனதுதான் மிச்சம், அட்டையாவது இருக்கட்டும். ஆனா ஒண்ணு, கடைசி நாள் ஒரு அம்மா பேசினாங்க பாரு, பொட்டுல அடிச்ச மாதிரி. “மெஷின் வந்ததும் எல்லாரும் கையை மறந்துட்டீங்க. வயித்தைத் தொடாம நோயைச் சொல்றவன் டாக்டர் இல்ல, ஜோசியக்காரன்” அப்படின்னாங்க. நான் எழுந்து நின்னு கை தட்டினேன்.

— நீங்களா அத்தான்?

— ஏன், தட்டக் கூடாதா? பிஸ்கட்டை வாயில வச்சுக்கிட்டு எதுக்கு இந்த முழி முழிக்கற?

— அண்ணே, கேஸ் பேசற கூட்டத்துக்கு மத்தவங்க வர இன்னும் நேரமாகும். அதுக்குள்ள கீழ இருக்கற கேஸைப் பேசிடலாமா? எனக்கு உடனே ஒரு முடிவு வேணும். தள்ளிப் போட்டா உயிர் நிக்காது.

— பேசு பேசு. என்ன இனம்?

— சொல்ல மாட்டேன். பேரும் சொல்ல மாட்டேன், ஓனர் யாருன்னும் சொல்ல மாட்டேன். முடிவைச் சொன்னதுக்கு அப்புறம்தான் அதெல்லாம். நம்ம கூட்டத்துக்கு நீங்க போட்ட சட்டம்.

— ஆமா, நான் போட்டதுதான். இனத்தைச் சொன்னா பாதி மூளை படுத்துக்கும். ஓனரைச் சொன்னா மீதியும் படுத்துக்கும். நீ நோயை மட்டும் சொல்லு.

— பொட்டை நாய். பத்து வயசு. சாப்பாட்டை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. தண்ணியில மட்டும் வாயை வச்சா எடுக்கறதில்ல.

— கருத்தடை ஆச்சா?

— ஆகல. ஓனர் விடலையாம். மேசையில அது மயங்கிக் கிடக்கறதைப் பாக்க அவருக்கு மனசு வராதாம்.

— நல்ல மனசு. அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? சரி, கடைசியா எப்பப் பருவத்துக்கு வந்துச்சு?

— ஒரு மாசத்துக்கு மேல ஆகுதுன்னு வீட்டம்மா சொன்னாங்க. அவங்கதான் இன்னைக்கு வீட்டுக்காரருக்குத் தெரியாம தூக்கிட்டு வந்திருக்காங்க.

— புத்திசாலிப் பொம்பளை.

— அதை அந்தம்மா காதுபட ஒரு தடவை சொல்லுங்க அத்தான். பாவம், கேட்டே இருக்க மாட்டாங்க.

— நீ சும்மா இரு. பின்பக்கமா சீழ் ஏதாவது வருதா சுண்டெலி?

— சொட்டுக் கூட வரல. அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வரல. முன்னாடி ஒரு டாக்டர் பாத்திருக்கார். ரத்தத்தை மட்டும் எடுத்துப் பாத்துட்டு, கிட்னி போயிடுச்சு, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்னு முடிவு கட்டிட்டார்.

— வயித்தைத் தொட்டுப் பாத்தாரா?

— பாக்கல போல.

— தொடாமயேவா? எந்தக் காலேஜ்ல படிச்சான் அவன்?

— நம்ம காலேஜ்தான் அண்ணே.

— சிரிக்காதடா, டீ மூக்குல ஏறப் போகுது. ஒருத்தன் நம்ம காலேஜ் மானத்தைக் கப்பலேத்தறான், உனக்குச் சிரிப்பு வருது.

— நல்ல டாக்டர்தான் அத்தான். ஏதோ கண்ணை மறைச்சிருக்கும்.

— நீ எதுக்கு அவனுக்கு வக்காலத்து வாங்கற? ஸ்கேன்ல என்னம்மா தெரிஞ்சுது?

— கர்ப்பப்பை என் கை மொத்தத்துக்கு வீங்கியிருக்கு. உள்ள முழுக்கச் சீழ். வெளிய போக வழி இல்லாம அடைச்சுக்கிட்டு நிக்குது. தொட்டாலே முனகுது. உள்ளயே வெடிச்சா நம்ம கையில ஒண்ணும் இல்ல.

— அப்புறம் எதுக்கு இங்க உக்காந்து கதை பேசிட்டிருக்க? தூக்கி மேசையில போடு. கர்ப்பப்பையை எடுத்துட்டா அது எழுந்து ஓடும்.

— ஓனர் ஒத்துக்கணுமே. வயசான ஜீவன், அறுத்துக் கஷ்டப்படுத்தாதீங்க, என் மடியிலயே நிம்மதியாப் போகட்டும்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கார். அவர் வாய் திறந்து சரின்னு சொல்லாம கத்தி வைக்க விடமாட்டேன்னு அந்தம்மா பிடிவாதமா நிக்கறாங்க.

— நிம்மதியா? சீழ் வெடிச்சுச் சாகறது நிம்மதியா? மடியாம் மடி. அந்த மனுஷன் தன்னோட பயத்துக்கு அன்புன்னு பேர் வச்சிருக்கார், அவ்வளவுதான்.

— கொஞ்சம் மெதுவா அத்தான். கீழ கேக்கும்.

— கேக்கட்டுமே. நல்லாக் கேக்கட்டும். நான் எதிர்ல இருந்தேன்னு வை, சுத்தி வளைக்க மாட்டேன். வலி உங்களுக்கா, அதுக்கான்னு ஒரே கேள்வி கேப்பேன்.

— பத்து வயசுல மயக்க மருந்து தாங்குமா அண்ணே?

— நெஞ்சுல வச்சுக் கேட்டியா?

— கேட்டேன். இதயம் கடிகாரம் மாதிரி ஓடுது.

— தாராளமாத் தாங்கும். முதல்ல டிரிப் ஏத்து. இன்னைக்கே வேலையை முடி.

— இதுதான் முடிவா? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது.

— பத்திரத்துல எழுதித் தரணுமா? அந்த ஓனரைக் கூட்டிட்டு வா, நானே பேசறேன். உனக்குத் தயக்கமா இருந்தா அறுக்கறதும் நானே அறுக்கறேன்.

— நீங்க அறுக்கக் கூடாது அண்ணே.

— ஏன், என் கை நடுங்குதா?

— நடுங்கும்.

— என்ன பேசறா இவ? டேய், நீ எதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கற?

— அத்தான்… கீழ உக்காந்திருக்கறது எங்கக்கா. நீங்க கிளம்பின கையோட ஆட்டோ பிடிச்சு வந்துட்டா.

— உங்கக்காவா? அவ எதுக்கு இங்க வரணும்? வீட்டுல குட்டிம்மாவை யாரு…

— குட்டிம்மாவும் கீழதான் இருக்கா அண்ணே. துண்டு விரிச்சுப் படுக்க வச்சிருக்கேன்.

— அத்தான். அத்தான், இந்தத் தண்ணியைக் குடிங்க.

— நேத்து நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வாலை ஆட்டினா. எழுந்து வரல. ரத்தத்தைப் பாத்துட்டுக் கிட்னின்னு முடிவு கட்டினவன் நான்தானே, அது முத்திடுச்சுன்னு நெனச்சேன். தினம் தடவறேன்டா. தலையிலேர்ந்து வால் வரைக்கும் தடவறேன். தொட்டுப் பாக்கவே இல்லையே.

— திட்டினதெல்லாம் நீங்களாத் திட்டினது. நாங்க ஒரு வார்த்தை சேக்கல.

— இன்னும் நாலு திட்டியிருக்கலாம். நேராச் சொல்லியிருக்கலாமே சுண்டெலி?

— சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு அவளைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க.

— போயிருப்பேன்.

— இப்ப சொல்லுங்க. அண்ணிகிட்ட நான் என்ன சொல்லட்டும்?

— நானே வந்து சொல்றேன். நீ அறு. இவன் மயக்க மருந்தைப் பாத்துக்கட்டும். பிடிக்கறதுக்கு வேற ஆளைக் கூப்பிடு.

— பாத்தீங்களா, இப்பதான் எங்கத்தான் என்னை டாக்டர்னு ஒத்துக்கறார்.

— வாயை மூடிட்டுக் கையைக் கழுவு, போ. இந்த ஆபரேஷன் நீ முன்னாடி செஞ்சிருக்கல்ல?

— போன மாசம்தான் ஒண்ணு செஞ்சேன். நம்ம கூட்டத்துல படம் போட்டுக் காட்டினேன். தையல் கோணலா இருக்குன்னு நீங்கதான் மானத்தை வாங்கினீங்க.

— கோணலா இருந்தாலும் பரவாயில்ல. கெட்டியாப் போடு.

— நேராவே போடறேன் அண்ணே. இறங்கலாமா?

— கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.

— கேளுங்க.

— பொழச்சுக்குவாளா டாக்டர்?