மூண்டு பேருக்கு அர்ச்சனை

காலமை பத்தரை, நாங்கள் பன்ரெண்டு பேர், முன்னுக்குப் போனது என்ர மனுசன் குகதாசன்தான், டொக்டர். கோயிலெண்டா ஆள் எப்பவும் முன்னுக்கு. ஓம், சீனாவில. ஒப்பரேசனுக்கு முதல் ஒருக்கா வெளிய போவம் எண்டு, செப்டெம்பரில எங்கட இல்ஃபோர்ட்டில இருந்து ஒரு டூரோட போனனாங்கள். இல்லையில்லை, இவர் ரத்தம் சோதிக்கக் குடுத்திட்டு வர நேரமெடுக்கும் எண்டு நர்ஸ் சொன்னவ. அதுக்குள்ள முடிச்சிடுவன்.

அது ஒரு பெரிய மலை அடிவாரத்தில இருக்கிற பழைய தாவோ கோயில். புத்த கோயில் இல்லை, இது வேற. அவைக்கு அந்த மலையே சாமி. உள்ளுக்குக் கிழட்டு மரங்கள், ஒரு குருவிச் சத்தமும் இல்லை. பக்கத்து மண்டபத்தில நீல உடுப்புப் போட்ட ஐயா ஒருத்தர் மஞ்சள் கடதாசியில பேர் எழுதி எழுதி எரிச்சுக்கொண்டிருந்தவர். இவருக்கு அது போதும். அர்ச்சனை செய்யினம், வா எண்டார். ஆரையும் கேட்டிட்டுச் செய்வம் எண்டனான். கோயில்ல என்னத்தைக் கேக்கிறது எண்டு என்னைத்தான் பேசினார்.

நட்சத்திரமோ? அவைக்கு அது என்னத்துக்கு. பேர் மட்டும்தான். முதல் எட்மண்டனில இருக்கிற இவரின்ர தமையன் சண்முகராசாவுக்கு. பிறகு எங்கட மேல்வீட்டு எமில்டாவுக்கு. அவ வேதக்காரி, சேர்ச்சுக்குப் போற ஆள், எண்டாலும் எங்கட பூனைக்குச் சாப்பாடு வைக்க நிண்டவ. பிறகு இன்னொராளுக்கு. கடைசியாத் தன்ர பேரைச் சொல்ல வாயெடுக்க, எங்கட டூர் கைட் பிள்ளை பஸ்ஸுக்குக் கூப்பிட்டிட்டுது.

பஸ்ஸில இவர் நித்திரை. அந்தப் பிள்ளை எனக்குப் பக்கத்தில வந்து, உங்கட வீட்டில ஆர் செத்தது எண்டு கேட்டுது. ஒருத்தரும் சாகேல்லை எண்டன். அப்பதான் அது சொன்னது, செத்த ஆக்களின்ர உயிர் அந்த மலைக்குத்தான் போறதாம். அந்த மண்டபத்தில பேர் குடுக்கிறது, இன்னார் வாறார், பாத்துக்கொள்ளுங்கோ எண்டு அறிவிக்கவாம்.

சிரியுங்கோ. நானும் சிரிச்சனான். நாங்கள் திரும்பி வந்த கிழமையே தமையன் குளியலறையில விழுந்து போயிட்டார். சரி, எண்பது வயசு, சலரோகம். எமில்டாவுக்கு நாப்பத்தாறு. வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிண்டவ, அப்பிடியே இருந்து சரிஞ்சு செத்துப்போனா.

ஐயோ, அந்தப் பிள்ளை சொன்னதை இவருக்குச் சொல்லேல்லை. அர்ச்சனை ரெண்டும் பலிக்கேல்லை எண்டு கவலைப்படுறார். மற்ற ஆளாவது நல்லா இருக்கட்டும் எண்டு தினமும் விளக்கேத்துறார்.

நான் இதுகளை நம்புற ஆள் இல்லை, டொக்டர். வேற ஒரு டொக்டரைப் போடேலுமோ எண்டு கேக்கத்தான் இவ்வளவும் சொன்னனான். சீச்சீ, உங்களில ஒரு குறையும் இல்லை. இவரும் அந்த மண்டபத்தில சொன்னவர், என்ர நெஞ்சில கை வைக்கிறவர் முதல் நல்லா இருக்கோணும் எண்டு. ஆஸ்பத்திரிக் கடிதத்தில இருந்த மாதிரியே உங்கட பேரை அந்த ஐயாவுக்கு எழுத்து எழுத்தா எழுதிக் குடுத்தவர், வாசுதேவன் எண்டு.

இனி மாத்தேலாதோ? ஓம், திகதி தெரியும். நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலமை எட்டரைக்கு ஒப்பரேசன்.