அண்ணனுக்குப் போடாத கூலி

விவசாயப் பொருளாதாரமும் பண்ணை மேலாண்மையும் படிக்கிறேன் என்று சொன்னால், வயலில் இறங்கத் தெரியுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். தெரியும் சார். பால் கறப்பேன், டிராக்டர் ஓட்டுவேன், மாட்டின் வயிற்றில் கன்று மாறிப் படுத்திருந்தால் கையை விட்டுத் திருப்பவும் செய்வேன். ஆனால் எங்கள் படிப்பு அதைப் பற்றியதல்ல. ஒரு பண்ணையில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கச் சொல்லித் தருகிற படிப்பு அது. பெரும்பாலான பண்ணைகள் அந்த ஒன்று தெரியாமல்தான் மூழ்குகின்றன.

நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுத வசதியாக இருக்கும். விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் தாள் பறக்காது.

எங்களுடையது நகரத்தை ஒட்டிய பால் பண்ணை. அப்பா தொடங்கியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் அல்லவா, அந்தப் பழமொழிக்கே கை கால் முளைத்தவர் அப்பா. தீவனத்தைக் கைநிறைய அள்ளிப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, படியால் அளந்துதான் போட வேண்டும். எந்த மாடு நேற்று எவ்வளவு கறந்தது என்று நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்போதே மனப்பாடமாகச் சொல்வேன். அண்ணனுக்குக் கடைசிவரை வாய்ப்பாடு வரவில்லை. அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, தலையணைக்கடியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். தொழுவம், தீவன அறை, டிராக்டர், எல்லாம் அந்த ஒரு கொத்தில்தான். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவன் மூத்தவன், ஏற்கெனவே பண்ணையில் உழைத்துக்கொண்டிருந்தவன். எனக்கு அது பெரிய விஷயமும் அல்ல. சாவி யாரிடம் இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் சொன்னேன்.

அண்ணன் கெட்டவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பச்சைத் தண்ணீர் மாதிரி ஆள். பக்கத்து நிலத்துக்காரன் கேட்டால் டிராக்டரைச் சும்மா கொடுத்துவிட்டு, நன்றி சொல்ல வந்தவனுக்குச் சாப்பாடும் போட்டு அனுப்புவான். எங்கள் தொழுவத்தில் கண் தெரியாத மாடு ஒன்று உண்டு, கிழவி என்று கூப்பிடுவோம். பால் வற்றிப் பல வருஷம் ஆகிவிட்டது. அதை விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது, கிழவியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "நமக்குப் பால் குடுத்து வளத்ததுடி இது. வயசாச்சுன்னு தள்ளிடறதா? அப்ப எனக்கு வயசானா என்ன பண்ணுவ?"

அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கல்லூரியில் பண்ணை மேலாண்மை எடுத்த ஆசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் வெட்டு மேடம். எந்தத் திட்டத்தைக் காட்டினாலும் எதையாவது வெட்டச் சொல்வார். அவர் சொன்ன ஒன்றை நான் மறக்கவே இல்லை. "நேத்து போட்ட தீவனத்துக்காக இன்னிக்கு ஒரு மாட்ட வச்சிக்காதீங்க. போன செலவு போனதுதான். இனிமே என்ன வரும், அத மட்டும் பாருங்க." வகுப்பில் மற்றவர்கள் இதை எழுதிக்கொண்டார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். என் படிப்புக்கு அண்ணன் பணம் கட்டினான். மழை நாளில் சேறு படாமல் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கன்று ஈனுகிற மாட்டை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்திருந்தான், அந்தக் கன்று செத்தே போயிற்று. எல்லாம் உண்மை. எல்லாம் போன செலவு.

இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஓர் உண்மையான பண்ணைக்குத் திட்டம் போட வேண்டும். நான் எங்கள் பண்ணையை எடுத்தேன். கிழ மாடுகளைக் கழித்து, மேட்டு நிலத்தில் தீவனப் பயிரை மாற்றி, பாலை நேரடியாக விற்கிற ஏற்பாடு. நல்ல திட்டம் சார். அடக்கத்தை ஒதுக்கிவைத்துச் சொன்னால் மிக நல்ல திட்டம். அண்ணனிடம் காட்டினேன். சாணிக் கையோடு எட்டிப் பார்த்தான், தாளைத் தொடவில்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது பாப்பா," என்றான். "உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாது. மிஞ்சாதுன்னு தெரிஞ்சுதான் உழுறோம். நீ படிச்சு நல்ல வேலைக்குப் போ."

சோம்பேறிகள் சொல்கிற பழமொழி என்று அப்போது நினைத்தேன்.

ஒரு திட்டம் எங்கே முட்டி நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிலம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும், தண்ணீர் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு தடையாக நீக்கிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். எதை நீக்கினாலும் லாபம் பெரிதாக அசையவில்லை. கடைசியில் நிர்வாகியை நீக்கிப் பார்த்தேன். கணினியில்தான். கிழ மாடுகள் போயின, இரவல் டிராக்டர் திரும்பி வந்தது, எல்லா எண்களும் ஒரே நாளில் நிமிர்ந்தன. எனக்கே வியப்பாக இருந்தது. மாற்ற வேண்டிய இடம் அந்த ஒன்றுதான் என்று இவ்வளவு தெளிவாக ஒரு விடை வந்து நான் பார்த்ததில்லை.

அப்போதும் நான் பேசித்தான் பார்த்தேன். நிர்வாகத்தை என்னிடம் விடு, நீ மாடுகளை மட்டும் பார் என்றேன். சரி சரி என்று தலையை ஆட்டினான். அந்த வாரமே, மூடப்போகிற ஒரு பண்ணையிலிருந்து கசாப்புக்குப் போகவிருந்த கிழ மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். "பாவமா இருந்துச்சு," என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. முடிவு தெரிந்த பிறகு கோபத்துக்கு வேலை இல்லை.

சைலேஜ் குழி பற்றிக் கேட்டீர்கள். சோளத்தட்டையைப் பச்சையாக நறுக்கி, கிணறு போன்ற சிமெண்டுக் குழியில் போட்டு, மிதித்து, மூடிவைத்தால் புளித்துப் பல மாதம் கெடாமல் இருக்கும். மாடுகளுக்கு ஊறுகாய் என்பான் அண்ணன். புளிக்கும்போது ஒரு வாயு வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே வராமல் குழிக்குள்ளேயே தங்கும். அதற்குள் இறங்கியவனுக்குக் கத்தக்கூட அவகாசம் கிடைக்காது. அதனால் அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் ஒரு முறை உண்டு. குழியில் ஆள் இறங்குமுன் எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்க வேண்டும். அணையாவிட்டால் இறங்கலாம். அணைந்தால் விசிறியைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். விளக்கு இறக்குகிறவர் வேறு, குழியில் இறங்குகிறவர் வேறு. இறங்குகிறவன் அவசரத்தில் இருப்பான், அவன் கண்ணே அவனை ஏமாற்றும் என்பது அப்பாவின் எண்ணம். ஆகவே இறங்குகிறவன் பார்ப்பதில்லை, கேட்பான்.

வழக்கமாக விளக்கு இறக்குவது அண்ணி. அன்று காலை அவள் தொழுவத்தில் கறவையில் இருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்த நான் மேலே நின்றேன். முதல் சுமையைப் போட்டுச் சில நாள் ஆகியிருந்தது. தழை அமுங்கியிருக்கும், அதை மிதித்துச் சமப்படுத்தி அடுத்த சுமையைப் போட வேண்டும். அண்ணன் டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். நான் விளக்கை இறக்கினேன். பாதி ஆழம் போவதற்குள் அணைந்தது.

காற்றில் அணைந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு தடவை வந்த விடையை நம்பக் கூடாது என்பது எங்கள் படிப்பில் முதல் பாடம். மறுபடி கொளுத்தி இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது. மேலே இழுத்து, இன்னொரு தீக்குச்சி கிழித்து, விளக்கை ஏற்றிக் குழியின் விளிம்பில் வைத்தேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்தான். குழியில் இறங்கும்போது எப்போதும் அப்படித்தான் செய்வான், தீவனத்தில் இரும்பு கலந்தால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. "இந்தா, புடி. உள்ள விழுந்துச்சுன்னா எந்த மாட்டு வயித்துலன்னு தேடுறது?"

பிறகு கேட்டான், "பாத்துட்டியா?"

"பாத்துட்டேண்ணா."

விளிம்பில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தான். "பரவால்ல, ஏட்டுச் சுரைக்காயும் வேலைக்கு ஆகுது," என்று என் தலையைத் தட்டிவிட்டு ஏணியில் இறங்கினான்.

நான் பொய் சொல்லவில்லை சார், இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பார்த்தேன். என்ன தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை.

இறங்கியவன் எதையோ பொறுக்கப் போவது போலக் குனிந்தான். அப்படியே உட்கார்ந்தான். ஒரு முறை அண்ணாந்து பார்த்தான். என்னைத்தான் பார்த்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிறகு தழைமேல் சாய்ந்துவிட்டான். குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போகுமே, அந்த மாதிரி.

அதற்குப் பிறகுதான் கத்தினேன். அண்ணி பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளைக் கட்டிப்பிடித்து நிறுத்தினேன். ஏணியை மேலே இழுத்துவிட்டேன். இப்படிப்பட்ட குழியில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குகிறவர்களும் சாகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வகுப்பில் சொன்னதுதான். "விசிறியப் போடு, விசிறியப் போடு," என்று அவள் என் தோளை அறைந்தாள். சுவிட்சு தீவன அறையில் இருந்தது. அறை பூட்டியிருந்தது. சாவி என் கையில் இருந்தது. எந்தச் சாவி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், கொத்தில் நிறைய இருந்தன. சின்ன வயதில் கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே எது எந்தப் பூட்டுக்கு என்று சொல்வேன்.

மீட்புக்கு வந்தவர்களின் தலைவர், "நீ மட்டும் தடுக்கலேன்னா இன்னொரு உயிரும் போயிருக்கும்மா," என்றார். கல்லூரியில் எல்லோரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள், என் நிதானத்தையும் பாராட்டிப் பேசினார்கள். அண்ணி இப்போதும் எனக்குச் சோறு எடுத்து மூடிவைக்கிறாள். "நீ இல்லேன்னா நானும் போயிருப்பேன் பாப்பா," என்று சொல்லி அழுகிறாள். அவள் அழும்போது எனக்கும் அழுகை வருகிறது. அதை நான் மறைக்கவில்லை.

திட்டத்தை நடைமுறைப்படுத்தினேன். கிழ மாடுகளை அனுப்பினேன். கிழவியை மட்டும் அண்ணி விடவில்லை, கட்டுத்தறியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யார் தொழுவத்துக்குள் போனாலும் அது தலையைத் தூக்கும், காலடி வேறு என்று தெரிந்ததும் திரும்பிக்கொள்ளும்.

பிறகு வாய்மொழித் தேர்வு வந்தது. வெட்டு மேடம் என் திட்டத்தை ரொம்ப நேரம் புரட்டினார். என் வீட்டு நிலைமை தெரிந்ததால் மென்மையாகத்தான் கேட்டார்.

"குடும்ப உழைப்புக்குக் கூலி போடலையேம்மா. உங்க அண்ணன் வேலைக்கு?"

"அவர் சம்பளம் வாங்கலையே மேடம்."

"வாங்கலன்னா வேலை சும்மாவா ஆயிடும்? வேற ஆள வச்சா என்ன குடுப்பியோ அதப் போடணும். உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு ஏன் சொல்றாங்க? தன் கூலியப் போட்டுப் பாத்தா மிச்சமே இல்லன்னுதான். முதல் வருஷப் பாடம் இது. நீ விடலாமா?"

விட்டிருந்தேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. கறவைக்கு ஓர் ஆள், டிராக்டருக்கு ஓர் ஆள், கன்று ஈனும்போது ஓடிவர ஒரு மருத்துவர், வேலிக்கு, தண்ணீருக்கு. இத்தனையும் அவன் ஒருவன். நான் அவனுக்குப் போட்டது ஒன்றுமில்லை, அதனால் அவனை எடுத்தபோது ஒன்றும் குறையவில்லை. விடுதி அறைக்குப் போய் அவனுக்குக் கூலி போட்டுத் திரும்பக் கணக்கிட்டேன். பண்ணை அத்தனை வருஷமும் நின்றது மாடுகளால் அல்ல. இப்போது எல்லா வேலைக்கும் ஆள் வைத்திருக்கிறோம், பண்ணை மூழ்கிக்கொண்டிருக்கிறது. அண்ணி மேட்டு நிலத்தை விற்க ஆள் பார்க்கிறாள்.

நானாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று ஆரம்பத்தில் கேட்டீர்கள். கணக்குச் சரியாக வந்திருந்தால் வந்திருக்க மாட்டேன். தவறான கணக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. காரணம் என்ற இடத்தில் அப்படியே எழுதுங்கள்: குடும்ப உழைப்புக்குக் கூலி போடாத பிழை. அதைத் தவிர அந்தத் திட்டத்தில் குறை இல்லை, மனதில் வேறு எதுவும் இல்லை.

கையில் இருப்பதையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொல்கிறீர்கள். கைக்கடிகாரம், பேனா, கால்குலேட்டர், கல்லூரி அடையாள அட்டை. எல்லாம் வைத்துவிட்டேன்.

சாவிக்கொத்தை மட்டும் கேட்காதீர்கள் சார். அண்ணி கேட்டும் கொடுக்கவில்லை. இது என்னுடையது. அப்பா அன்றைக்கே இதை என் கையில் கொடுத்திருந்தால், இந்நேரம் அண்ணன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பான்.