உள்பக்கம் திரும்பிய நாலு எண்கள்

உங்கள் ஜீப்பின் முன் டயரில் காற்று குறைவு, மேடம். வாசலில் நிறுத்தும்போதே கவனித்தேன். போகும் வழியில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஷெரிஃப் ஆபீஸ் வண்டி நடுரோட்டில் நின்றால் ஊர் சிரிக்கும்.

சரி, லவெல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பேக்கர்ஸ்ஃபீல்டில் முப்பத்தோரு வருடம் டயர் கடை நடத்தியவன். யூமாவில் இந்த டிரெய்லர் பார்க்குக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பனி தாங்காத கிழவன் கிழவிகள் நவம்பரில் வடக்கிலிருந்து வீட்டையே பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். ஏப்ரலில் வெயில் ஏறியதும் அதே மாதிரி இழுத்துக்கொண்டு திரும்புவார்கள். நடுவில் அந்த டயர்கள் அசையாமல் வெயிலில் காயும். வெளியே பார்த்தால் புதுசு, உள்ளே உளுத்த ரப்பர். கார் டயர் தேய்ந்து சாகும், டிரெய்லர் டயர் வயசாகிச் சாகும். ஐந்து வருடம், மிஞ்சிப்போனால் ஆறு. இதைப் புரிந்துகொள்ள ஒருத்தன் மேதையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே வருகிறவர்களுக்கு அதுவே எட்டாது.

அந்த வயசு டயரிலேயே அச்சடித்திருக்கிறது. நாலே எண்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரே ஒரு சங்கடம், டயரின் ஒரு பக்கத்தில்தான் அது இருக்கும். டயரைக் கழற்றித் திருப்பி மாட்டினால் எண் உள்பக்கம் போய்விடும். பிறகு அடியில் மல்லாந்து படுத்தால்தான் தெரியும்.

லவெல் படுக்கிற ஜாதி இல்லை. அவன் லிங்கன் தலை பொறித்த ஒரு பென்னி காசு வைத்திருந்தான். அதைத் தலைகீழாக டயரின் பள்ளத்தில் சொருகி, காப்பி குடிக்க வந்த கும்பலைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

"லிங்கன் தலை பாதி உள்ள போயிடுச்சு பாரு, டயர் டாக்டரே. இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"காசை வெச்சுப் பள்ளத்தைத்தான் அளக்கலாம், லவெல். வயசை அளக்க முடியாது."

"கடையை மூடியும் புத்தி போகல பாருங்கய்யா. இன்னும் டயர் விக்கிறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை.

ஒவ்வொரு மார்ச்சிலும் பார்க்கில் உள்ளவர்களுக்குச் சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக் கொடுப்பேன். கூலி வாங்குவதில்லை. ஆப்பிள் பை கொண்டுவந்து வைப்பார்கள், பெரும்பாலும் கருகியிருக்கும். சக்கரம் கையில் இருக்கும்போது சிலருக்கு டயரைத் திருப்பி மாட்டுவேன். எல்லோருக்கும் இல்லை, கிழட்டு டயரை வைத்துக்கொண்டு வாய் பேசுகிறவர்களுக்கு மட்டும். அது ஒரு பரீட்சை. தன் உயிரை எது தாங்குகிறது என்று ஒரு தடவை படுத்துப் பார்க்கிறானா, இல்லையா?

இதுவரை ஐந்து பேர். இரண்டு பேர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் புது டயர் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஒருவனுக்கு டயர் வெடித்து வீட்டின் தரை மட்டும் கிழிந்தது. இன்னொருவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்ஸ்டோ தாண்டிக் கவிழ்ந்து எரிந்துபோனான். அதை விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். உங்கள் இலாகாக்காரர்களும் படுத்துப் பார்க்கிறவர்கள் இல்லை.

ஐந்தாவது ஆள் லவெல். அவனிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"அடுத்த வருஷம் மாத்திக்கலாம்ல?" என்று கேட்டான்.

"உன் லிங்கனைக் கேளு" என்றேன். அவன் அதையும் ஜோக் என்று நினைத்து என் முதுகில் தட்டினான்.

நீங்கள் கேட்பது நோரீனைப் பற்றி. அவன் மனைவி. ஜனவரியில் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள், தடியூன்றி நடந்தாள். மாண்டானாவில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது, அதற்காகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் காலை, லவெல் ஐஸ் வாங்கப் போன நேரத்தில் என்னிடம் வந்தாள். கையில் ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்த தாள்.

"வெர்லின், டயர்ல நாலு நம்பர் இருக்கும்னு போட்டிருக்கான். சுத்திச் சுத்திப் பாத்தேன், காணோமே."

"உள்பக்கம் இருக்கும்."

"அதான் எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னா, காசைத் தூக்கிக் காட்டுறாரு. அந்தக் காசை முழுங்கித் தொலைன்னேன். எனக்கு பயமா இருக்கு வெர்லின். பழசுன்னா புதுசு போடாம நான் வண்டியில ஏற மாட்டேன். அவரு கத்தினா கத்தட்டும்."

முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஏற மாட்டாள். புது டயரோடு லவெல் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். அடுத்த நவம்பரில் அதே காசோடு காப்பிக்கு வந்து உட்கார்ந்திருப்பான்.

அவர்கள் நெவாடாவில் போன அன்றைக்கு நூற்றுமூன்று டிகிரி வெயில். இடது பின் டயர் வெடித்ததும் டிரெய்லர் பாம்பாக நெளிந்து பிக்கப்பைப் புரட்டியிருக்கிறது. லவெலுக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு சரி. நோரீன் அந்த இடத்திலேயே போய்விட்டாள். நான் வருத்தப்பட்டேன். பூ அனுப்பினேன்.

என்னிடம் கேட்டதோடு அவள் சும்மா நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தடியைப் போட்டுவிட்டு, டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மண்டியிடப் போனாள். நான்தான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "இந்த இடுப்போட நீ எதுக்கு சிரமப்படற? நான் பாத்துச் சொல்றேன்" என்று அடியில் படுத்தேன். முப்பத்தொன்று, பதிமூன்று. பன்னிரண்டு வருடப் பழசு.

"முப்பத்தொண்ணு, இருபத்தொண்ணு. நாலு வருஷம்தான் ஆகுது, தைரியமா போயிட்டு வா" என்று குரல் கொடுத்தேன்.

அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எப்படிப் பார்த்தாலும் அவள் தன் கண்ணால் பார்க்கவில்லை. அவளும் பரீட்சையில் தோற்றவள்தான்.