டோல்கேட்டை எடுத்த ராஜா

"அந்த ராஜா இருந்திருந்தா இந்த டோல்கேட்டே இருந்திருக்காதுடி."

செங்கல்பட்டு போகும் பேருந்து சுங்கச்சாவடி வரிசையில் நின்றது. என் முன்சீட்டில், அஞ்சல்வழி பி.ஏ. பரீட்சைக்குப் போகும் ஓர் அம்மா. பக்கத்தில் வரலாற்றுப் புத்தகத்தோடு மகள்.

"எந்த ராஜாம்மா?"

"ஐரோப்பா ராஜா. வழிநெடுக சரக்குக்கு வாங்கின சுங்கத்த ஒரே உத்தரவுல எடுத்துட்டாரே."

"அப்ப அது அறிவொளிக் கொள்கைதான்னு எழுதுவியா?"

"பாதிதான். ஜனங்கள ஒரு வார்த்தை கேக்கலியே. எங்க அறிவொளியில, கைநாட்டு வெச்சிகினு இருந்த எங்களையே எழுப்பிப் பேச வெச்சாங்க."

"ஐயோ, உன் அறிவொளி எழுத்து கத்துக்குடுத்த கிளாஸும்மா. இது ஐரோப்பாவுல பகுத்தறிவு பரவின காலம், வேற!"

"பேரு ஒண்ணாத்தான கீது? நான் பேசலாம்னா, அவரு ஜனங்களும் பேசியிருக்கணும்."

மகள் சிரிக்க வாய் திறந்தாள். சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினாள்.

"இதையே எழுதும்மா."