நாற்பது தடவை

"அப்பா, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணா உள்ள இருக்கிறவங்க எல்லாம் எங்க போவாங்க?"

என் நண்பனின் அக்கா மகள் ஐந்து வயதில் கேட்டது இது. அவள் அப்பா, அதாவது நண்பனின் மச்சான், சிரித்துக்கொண்டே "உள்ள யாரும் இல்லடா செல்லம்" என்றாராம். இன்றைக்குக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார். ஏன் என்று சொல்கிறேன். அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரமாகும்.

இரவு பதினொன்றரை. ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டைக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். மூன்று கம்பத்துக்கு ஒரு விளக்குதான் எரியும். மச்சான் தனியாக வண்டியில் போகிறார்...

மருத்துவமனையில் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி இருக்கிறதே, அதற்கு மச்சானின் அலுவலகத்தில் புதிதாக ஒரு கெர்னல், அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள், எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் கருவிக்குள் முதலில் கண் விழிப்பது அதுதான். அது எழுந்துதான் மற்றதையெல்லாம் எழுப்ப வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மச்சான் 'சரி' என்று எழுதிக் கொடுத்தால் கருவிகளில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் அன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை அது விழிக்காமல் கிடந்தது. நோயாளி பக்கத்தில் இருக்கும்போது அப்படிக் கிடந்தால்... மருந்து இறங்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நேரத்தில் மச்சான் சோதனை அறைக்குப் போகிறார்.

"கம்ப்யூட்டர்ல பேயா? ஆன்டிவைரஸ் போட வேண்டியதுதானே!" என்றான் மூலையில் இருந்தவன்.

"சிரிச்சுக்கோ. சிரிச்சு முடிச்சுட்டு பாத்ரூமுக்குத் தனியா போயிட்டு வா, பாப்போம்."

அவன் போகவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டான்.

அந்தச் சோதனை அறையில் முன்பு இன்னொருவர் இருந்தார். வயதில் மூத்தவர், தனிக்கட்டை. அலுவலகத்தில் கேலியாக 'நாப்பது அண்ணன்' என்பார்கள். எந்தக் கருவியையும் நாற்பது தடவை ஆன் செய்து பார்க்காமல் விடமாட்டார். ஒவ்வொன்றும் முடிந்ததும் "இன்னும் ஒரு தடவை" என்பார். ஒருநாள் அவர், 'நாற்பதில் ஒரு தடவை இந்தக் கெர்னல் விழிப்பதில்லை' என்று குறை பதிந்தார். மச்சான் மூன்றே தடவை போட்டுப் பார்த்தார். மூன்றும் ஓடின. 'என் மெஷினில் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று எழுதி அந்தக் குறையை மூடிவிட்டார்.

குறையை மூடிய அன்றே சாயங்காலம் அண்ணன் கதவோரம் வந்து நின்றிருக்கிறார்.

"தம்பி, ஒரு ரெண்டு மணி நேரம் என்கூட உக்காந்து பாருங்களேன். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"வீட்ல புள்ள காத்துக்கிட்டு இருக்கும்ணே. நாளைக்குப் பாப்போமே."

"சரி தம்பி. நாளைக்கு."

அது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் விடுமுறை என்பது மச்சானுக்கு நினைவேயில்லை. அன்றிரவே வீட்டில் மாரடைப்பு. திங்கட்கிழமை அவர் வேலைக்கு வராததால்தான் கதவை உடைத்துப் பார்த்தார்கள். அதுவரை அவரைத் தேட ஒரு ஆள் இல்லை.

இப்போது அதே அறையில் மச்சான். விசிறிகளின் இரைச்சல். சூடான பிளாஸ்டிக் வாசனை. அதற்குள் எங்கோ ஒரு மூலையில்... அண்ணன் எப்போதும் நெற்றியில் தடவும் தலைவலித் தைலத்தின் வாசனை.

கெர்னல் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க இவர்களிடம் ஒரு வழி உண்டு. நடுநடுவே 'வந்தேன் 1', 'வந்தேன் 2' என்று வரிகளைச் செருகிவிடுவார்கள். எழுந்து வரும்போது அது ஒவ்வொன்றாகத் திரையில் எழுதிக்கொண்டே வரும். எந்த எண்ணோடு நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு. மச்சான் ஏழு வரிகள் செருகினார். ஆன் செய்தார்.

வந்தேன் 1... வந்தேன் 2... ஏழு வரை சரியாக வந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு எட்டாவதாக ஒரு வரி.

'இன்னும் ஒரு தடவை.'

யாரோ விட்டுப்போன பழைய வரி என்று நினைத்துக் கெர்னல் முழுக்கத் தேடினார். இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினார். ஏழு முடிந்ததும் மறுபடி அதே வரி. கருவியிலிருந்து திரைக்குப் போகும் வயரையே பிடுங்கினார். இனி எதுவும் வர வழியில்லை. விசிறிச் சத்தம் மட்டும்...

'இன்னும் ஒரு தடவை.'

பிடுங்கிய வயர் அவர் கையில் இருந்தது.

ஓடியிருக்கலாம். காலையில் 'சரி' என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் யாரோ ஒருவர் படுக்கையில் அந்தக் கருவியை நம்பிக் கிடப்பாரே... அந்த நினைப்பு அவரைப் பிடித்து நிறுத்தியது. வயரை மாட்டினார். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.

முப்பத்தேழாவது தடவை 'வந்தேன் 4' என்பதோடு திரை நின்றது. அந்த எட்டாவது வரியும் வரவில்லை. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்ததாம்.

பார்த்தால், உள்ளே இரண்டு வேலைகள் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு, ஒன்று போகட்டும் என்று மற்றொன்று காத்துக்கொண்டே நின்றிருக்கின்றன. திருத்தம் ஒரே ஒரு வரிதான். இரண்டில் ஒன்று வழிவிட வேண்டும்.

மணி நாலரை. மூடிய குறையை மறுபடி திறந்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அண்ணனின் முழுப் பெயரை எழுதினார். கீழே, 'அன்றைக்கே சொன்னார். நான் சரியாகப் பார்க்கவில்லை' என்று சேர்த்தார்.

இறைவன் நம்மிடம் பெரிய காரியங்களை அடிக்கடி கேட்பதில்லை என்று நான் நினைப்பதுண்டு. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்வான், அவ்வளவுதான். அதையும் நாம் நாளைக்கு என்று சொல்லிவிடுகிறோம்.

திருத்தியதைச் சோதிக்க இன்னொரு நாற்பது தடவை பாக்கி இருந்தது. தானாக ஓடவிட்டு மச்சான் வீட்டுக்குப் போயிருக்கலாம். கருவிக்கு ஆள் தேவையில்லை. அவர் போகவில்லை. சுவரோரம் கிடந்த பழைய ரெக்ஸின் நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். திரை அதற்கும் தெரியும்படித் திருப்பி வைத்தார். பிறகு பக்கவாட்டில் பார்க்கவே இல்லை. இரண்டு மணி நேரம். நடுவில் ஏதேதோ பேசினாராம். என்ன பேசினார் என்று நண்பனின் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

நாற்பதும் ஓடின. ஏழு வரிகள். ஏழே வரிகள்.

சன்னலில் வெளிச்சம் வந்திருந்தது.

"முடிஞ்சுதுண்ணே" என்றார் மெதுவாக. "கிளம்பலாமா?"

திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் யாருமில்லை.

ரெக்ஸின் மெத்தை மட்டும் நடுவில் குழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே... புஸ்ஸ் என்று காற்றை இழுத்துக்கொண்டு... மெல்ல மேலே எழும்பியது.